போனில் படியுங்கோ, வாய்விட்டுப் பழகுங்கோ

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது கர்ப்பிணிகளை வீட்டிலும் கிளினிக்கிலும் பார்க்கிற மருத்துவமாதாக இருக்கிறேன். வன்முறைக்கு ஆளான பெண்களைக் கவனிப்பது பற்றி இணையவழிப் பயிற்சி ஒன்று செய்யச் சொல்கிறார்கள். இதையெல்லாம் போனில் படிக்க முடியுமா அக்கா?

பதில்: கட்டாயம் படியுங்கோ தங்கச்சி. 2019இல் நம் இலங்கையில் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்தில் ஒரு பெண் கணவராலோ துணைவராலோ உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார். உங்கள் கிளினிக் வாங்கிலும் அவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கென்று வவுனியாவுக்குப் போய்விட்டால் அவர்களை யார் பார்ப்பது? சிக்னல் உள்ள இடத்தில் பாடங்களை இறக்கி வைத்து, ஆறுதலாகப் பாருங்கோ.

பாலியல் வன்முறை நடந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேணும், அவசர கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் கொடுக்க வேணும் என்பதெல்லாம் போனிலேயே மனதில் பதிந்துவிடும்.

கேட்கிற விதம்தான் அப்படி வராது. கிளிநொச்சியில் தாதியாக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்று வந்தார்கள். பக்கத்தில் மாமியார் நிற்பார். வேறென்ன சொல்வாள் அந்தப் பிள்ளை? இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூடக் காதில் விழாதபடி கதைக்க வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. ஒற்றை அறை வீட்டில் அது எங்கே நடக்கும்? அதனால் கிளினிக் நாளில் நிறை பார்க்கவென்று தனியே கூப்பிடுங்கோ. "வீட்டில ஆரையும் கண்டு பயமா இருக்கோ?" என்று மெதுவாகக் கேளுங்கோ. இல்லை என்றால் வற்புறுத்தாதேங்கோ. அடுத்த முறையும் அதே முகத்தோடு பேசுங்கோ.

இந்த ஒரு கேள்வியைச் சொல்ல நாக்குத் தயங்கும். மாதாந்தக் கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் சேர்ந்து இருங்கோ. ஒருவர் தாய், ஒருவர் மாமியார், ஒருவர் நீங்கள். மாறி மாறி நடித்துப் பழகுங்கோ. சான்றிதழ் கிடைத்த பிறகும் இதை விடாதேங்கோ. உங்களுக்குள்ளேயே அடி வாங்கினவர்கள் இருக்கலாம். இரவில் தனியே இருந்து அந்தப் பாடத்தைப் பார்ப்பது அவர்களுக்குப் பாரம். துணையோடு படிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் சொன்னதைக் கணவர் புரட்டிப் பார்க்கிற கர்ப்பிணிக் கொப்பியில் எழுதாதேங்கோ. ஆஸ்பத்திரியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற 'நட்பு நிலையம்' இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கோ. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐத் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம், வாயால் சொல்லிப் பாடமாக்க வையுங்கோ.