கேளுங்க, சொல்கிறேன்: மிட்டாய்க்கு மியூசியம் வைத்த ஊர்

போன இதழில் மாஸ்கோ பயணத்தைப் பற்றி எழுதியபோது, "பக்கத்தில் கொலோம்னா என்று ஒரு பழைய ஊர். மிட்டாய்க்கும் ரொட்டிக்கும் அங்கே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மாஸ்கோவை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை கொலோம்னாவே இருக்கட்டும்.

மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். ஆடியில் பார்க்கப் போகிறோம். மாஸ்கோவில் இருக்கும் நாட்களில் ஒன்றைக் கொலோம்னாவுக்குக் கொடுக்கலாமா? எப்படிப் போவது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

தாராளமாகக் கொடுக்கலாம் அம்மணி. மாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் 115 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கசான்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து எலெக்ட்ரிச்கா என்கிற மின்சார ரயில் போகிறது. வண்டியைப் பொறுத்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். பல வண்டிகள் கலுத்வின் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, டிராம் பிடித்துப் பழைய ஊருக்குப் போய்விடலாம். டிராமில் ஏறுவதற்கென்றே ஒரு தடவை போகலாம் என்பேன்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கோட்டையைச் சுற்றிவிட்டு, மதியத்துக்கு மிட்டாய் மியூசியம், பொழுதோட ஆற்றங்கரை. மாஸ்க்வா நதி ஓகா நதியில் கலக்கிற ஊர் அது. நதிக்கு அக்கரையில் பொப்ரெனெவ் மடாலயம் இருக்கிறது. மிதவைப் பாலத்தில் நடந்தே போய்விடலாம்.

மியூசியத்தில் நினைத்த நேரத்துக்கு நுழைய முடியாது. குழு குழுவாக, நேரம் குறித்து அழைத்துப் போவார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள். விளக்கமெல்லாம் ரஷ்ய மொழியில்தான். மகள் கூட வந்தால் பயணத்தின் ருசியே வேறு.

இரண்டு விஷயம் கட்டாயம். 2022 முதல் நம் ஊர் வங்கி கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. டாலரோ யூரோவோ ரொக்கமாக எடுத்துப்போய் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். போர்ச் சூழலில் விமான நிலையங்கள் திடீரென மூடப்படுவதும், செல்போன் இணையம் நின்றுபோவதும் நடக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், ரயில் நேரத்தைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இணையத்திலேயே விசா கிடைக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

மிட்டாய்க்கு மியூசியமா! கடைக்காரர் வியாபாரத்துக்கு மாட்டிய போர்டாக இருக்கப்போகிறது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், பொள்ளாச்சி

வியாபாரமும்தான். அதை அவர்களும் மறைப்பதில்லை. ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

அந்த மிட்டாய்க்குப் பெயர் பாஸ்திலா. புளிப்பு ஆப்பிளைச் சுட்டு, மசித்து, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கி, இனிப்பு சேர்த்து, வெளுத்துப் பொங்கும்வரை அடித்து, பரப்பிக் காயவைப்பது. ஆந்திராக்காரர்கள் மாம்பழக் கூழைப் பாயில் ஊற்றிக் காயவைக்கும் தாண்ட்ராவுக்குள் காற்றை ஊதிவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான். வாயில் போட்டால் முதலில் பஞ்சு, அப்புறம் புளிப்பு, கடைசியில்தான் இனிப்பு.

இதற்கென்று அந்தோனோவ்கா ஆப்பிளைத்தான் தேடுவார்கள். கடித்தால் பல் கூசும் ஜாதி. புளிப்பும் பெக்டினும் அதில் அதிகம். பெக்டின் இருந்தால்தான் கூழ் கட்டிப்படும், அடிக்கிறபோது உள்ளே போகிற காற்று அப்படியே நிற்கும். நம் கடைகளில் மெழுகு பூசி மினுக்குகிற இனிப்பு ஆப்பிளில் செய்தால் ஜாமோடு நின்றுவிடும். முன்பெல்லாம் கையாலேயே மணிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். காயவைக்கத் தனி அடுப்பு கிடையாது. ரொட்டி சுட்டு முடித்த பெரிய அடுப்பு மெல்ல ஆறுகிறபோது, மிச்சமிருக்கும் சூட்டில் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளிவிடுவார்கள். என் அப்பா கரும்பாலை வைத்திருந்தவர். நெருப்பை வீணாக்குகிறவன் உருப்படமாட்டான் என்பார். அவருக்கு இந்த அடுப்பு ரொம்பப் பிடித்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் கொலோம்னாவில் சுப்ரிக்கோவ் என்ற வணிகக் குடும்பம் பாஸ்திலா ஆலையே நடத்தியது. 1917 புரட்சிக்குப் பிறகு தனியார் ஆலைகள் போயின; அந்தப் பக்குவமும் போனது. பாஸ்திலா என்ற பெயரில் சோவியத் கடைகளில் ஒரு ஃபேக்டரி மிட்டாய் இருந்தது, ஆனால் அது வேறு சாமான். பழைய குறிப்புகளைத் தேடிப் படித்து, செய்து பார்த்து, 2009இல் ஒரு சின்ன வீட்டில் மியூசியத்தைத் திறந்தார்கள். மறைந்துபோன ருசியின் அருங்காட்சியகம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ருசியை வைக்க முடியாது இல்லையா? அதனால் பழங்கால உடையில் பெண்கள் வரவேற்று, வணிகர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்காரவைத்து, சமோவார் என்கிற ரஷ்ய வெந்நீர்ப் பாய்லரின் தேநீரோடு வகை வகையாக எடுத்துவைக்கிறார்கள். 2011இல் பழைய சுப்ரிக்கோவ் ஆலை இருந்த இடத்தில் மியூசிய ஃபேக்டரியும் வந்தது. உடையும் நாடகமும் உங்களுக்கு ஒத்துவராது என்றால் ஃபேக்டரிக்குப் போங்க. ஆப்பிள் சுடுவதிலிருந்து பெட்டியில் அடுக்குவதுவரை வேலை நடக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

நாங்கள் முட்டைகூடத் தொடமாட்டோம். இந்த ஊரில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?
– வாசகி, காங்கேயம்

அடித்துச் செய்கிற பாஸ்திலாவில் பெரும்பாலும் முட்டை வெள்ளை சேரும். கேட்காமல் வாயில் போடாதீர்கள். ஸ்மோக்வா என்று இன்னொன்று இருக்கிறது. பழக்கூழை அடிக்காமல் அப்படியே காயவைப்பது, முட்டைக்கு அங்கே வேலையில்லை. அதைக் கேளுங்கள்.

கோட்டைக்குள் கலாச் மியூசியம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கலாச் என்பது பூட்டு வடிவத்தில் செய்கிற கோதுமை ரொட்டி. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, இவைதான் அடிப்படை. மாவைக் குளிர்ச்சியில் வைத்து நெடுநேரம் தேய்த்துப் பிசைவது அதன் சூட்சுமம். மேலே ஒல்லியாக ஒரு கைப்பிடி, கீழே உப்பின வயிறு. கை கழுவ வசதியில்லாத வேலையாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தின்றுவிட்டு, அழுக்கான கைப்பிடியைப் போட்டுவிடுவானாம். விறகடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துத் தருவார்கள். நான் கைப்பிடியையும் சேர்த்துத்தான் தின்றேன்.

சாப்பாட்டுக் கடையில் "போஸ்த்னோயே" என்று சொல்லுங்கள். அவர்கள் நோன்பு நாளில் சாப்பிடுவது; கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் மீன் இருக்கலாம், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிரெச்கா என்கிற பாப்பரை (பக்வீட்) கஞ்சி, உருளைக்கிழங்கு, காளான் இவற்றை வைத்து ஒரு வேளையை ஓட்டலாம். சூப் மட்டும் வேண்டாம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் கறி வேகவைத்த தண்ணீராக இருக்கலாம்.

வீட்டுக்காரர் ஃபவுண்டரி நடத்துகிறார். மிட்டாய் பார்க்க வரமாட்டேன் என்கிறார்.
– வாசகி, கணபதி, கோவை

அவரிடம் இதைச் சொல்லுங்கள்: 1863இல் ரயில் பாலம் கட்டுவதற்காக அமாண்ட் ஸ்த்ரூவே என்ற பொறியாளர் அங்கே ஒரு பட்டறை போட்டார். அது வளர்ந்து ரயில் எஞ்சின் தொழிற்சாலையானது. இன்றைக்கும் டீசல் எஞ்சின் செய்கிறது. இராணுவத் தளவாட வடிவமைப்பும் அந்த ஊரில் நடப்பதால், 1994 வரை வெளிநாட்டுக்காரர்களை ஊருக்குள்ளேயே விடவில்லை. தொழிற்சாலைக்குள் இப்போதும் நம்மை விடமாட்டார்கள். வெளியே நின்று படம் எடுப்பதும் வேண்டாம். ஆனால் எஞ்சின் செய்கிற ஊர் என்று கேட்டதுமே கிளம்பிவிடுவார் பாருங்கள்.

அப்புறம் கோட்டை இருக்கிறது. ஊரின் பெயர் 1177ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே வருகிறது. 1380இல் மங்கோலியப் படையை எதிர்த்து நடந்த குலிக்கோவோ போருக்கு, மாஸ்கோ இளவரசர் திமித்ரி தொன்ஸ்கோய் படை திரட்டியது இங்கேதான். செங்கல் கோட்டை 1525 முதல் 1531 வரை கட்டியது. இப்போது ஏழு கோபுரமும் மதிலில் சில துண்டுகளும்தான் மிச்சம். மீதியை எந்த எதிரியும் இடிக்கவில்லை. ஊர்ச் சனமே செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டது. இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மிஞ்சியதில் உயரமான கோபுரத்தில் மரீனா என்ற போலந்துச் சீமாட்டியை அடைத்து வைத்திருந்ததாகவும், அவள் பறவையாக மாறி ஜன்னல் வழியே பறந்துவிட்டதாகவும் கதை சொல்வார்கள்.

கொலோம்னாவா, தூலாவா? ஒரு நாள்தான் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.
– வாசகர், கரூர்

ஐயா, நீங்கள் மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிற தூலாவுக்குப் போங்கள். அங்கேயும் சமோவார் மியூசியம் இருக்கிறது, பிரியானிக் என்கிற தேன் ரொட்டிக்கு மியூசியம் இருக்கிறது. ஆனால் நான் சொல்வது அதற்காக அல்ல. ஊருக்கு வெளியே டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானா பண்ணை. 1908இல் "ஓர் இந்துவுக்குக் கடிதம்" எழுதியபோது, இன்னா செய்யாமையைப் பற்றித் திருக்குறளிலிருந்து எடுத்துக் காட்டினாரே, அந்த மனிதர் வாழ்ந்த வீடு. அவருடைய கல்லறை அதே தோட்டத்தில், மரங்களுக்கு நடுவே, பெயர்கூடப் பொறிக்காமல் புல் மேடாக இருக்கிறது. உங்களுக்கு இனிப்பு அப்புறம்தான்.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கு இப்படி ஒரு மியூசியம் வைத்தால் என்ன?
– வாசகர், ஈரோடு

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். வைக்கலாம்ங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் வாங்குகிற சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து போகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்குக் கதை இருக்கிறது, சாமான் இருக்கிறது, முருகனே வாடிக்கையாளர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் பழைய செக்கையும் கொப்பரையையும் வர்ணம் பூசி வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு போர்டு வைப்பதானால் நான் வரமாட்டேன். கொலோம்னாக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வருகிறவர் கண் முன்னால் பண்டம் தயாராகிறது, அங்கேயே தின்கிறார், அங்கேயே வாங்குகிறார். நமக்கும் ஓடுகிற ஆலை வேண்டும். சாறு கொதிக்கணும், சுண்ணாம்பு போட்டு அழுக்கெடுக்கணும், பாகுப் பதத்தை விரலில் தொட்டுப் பார்த்து இறக்கணும், மரத் துடுப்பால் தேய்த்துத் தேய்த்துத் தூளாக்குவதைச் சனம் நின்று பார்க்கணும்.

அதற்குமுன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பாஸ்திலா மறைந்ததற்கு ஒரு புரட்சி தேவைப்பட்டது. இங்கே நல்ல சர்க்கரையைக் கெடுப்பதற்குக் கடையில் நிற்கிற நாமே போதும். கருத்த சர்க்கரையைத் தள்ளிவிட்டுப் பொன்னிறமாக இருப்பதைக் கேட்கிறோம். கேட்கிறவர்கள் இருப்பதால் வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போடுகிறார்கள், எடைக்கு வெள்ளைச் சீனியைக் கலக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது பிடிக்கிறார்கள், செய்தி வருகிறது, அடுத்த நோம்பிக்குக் கச்சாயம் சுட மறுபடியும் பளபளப்பானதைத்தான் வாங்குகிறோம். கருத்த சர்க்கரைக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருந்தால் மியூசியம் தானாக வரும். இல்லையென்றால் கட்டடம் மட்டும் வரும்.

பாஸ்திலாவை ஊருக்குக் கொண்டுவரலாமா? வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, உடுமலை

கொண்டுவரலாம். காய்ந்த பண்டம், அட்டைப் பெட்டியில் வருகிறது. கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் திணித்தால் நசுங்கிவிடும். ஐப்பசி ஈரத்தில் பிரித்து வைத்தால் பிசுபிசுக்கும். பிரித்த அன்றைக்கே பேரன் பேத்திகளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்ய அந்தோனோவ்காவுக்கு எங்கே போவது? நான் ஆயக்குடிக் கொய்யாவில் செய்கிறேன். பெக்டின் அதிலும் நிறைய இருக்கிறது. பழுத்தும் பழுக்காததுமாகப் பாதிப்பாதி எடுங்கள். ஆவியில் வேகவைத்து, மசித்து, வடிகட்டுங்கள். ஒரு கிலோ கூழுக்கு கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு. அடிகனமான பாத்திரத்தில் கரண்டி தடம் பதிகிறவரை சுண்டவைத்து, ஆறியதும் மின்சார பீட்டரால் நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். முட்டை வேண்டாம், அந்தப் பஞ்சுத்தன்மை முழுசாக வராது, ருசி வரும். நெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, மெல்லிய வேட்டித்துணி மூடி, மாசி பங்குனி வெயிலில் காயவையுங்கள். ஆடிக் காற்றில் மாடியில் வைத்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அத்தனை மண்ணையும் அதில்தான் கொட்டும். அந்த மாதங்களில் ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அடுப்பை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டால் போதும். விதையை மட்டும் சல்லடையில் ரெண்டு தரம் எடுத்துவிடுங்கள், வயசானவர்கள் பல்லில் மாட்டும்.