அசாந்தே மக்களின் பொன்னாசனத்துக்காக ஒரு போரே நடந்தது ஏன்? அந்த அரசு இன்றும் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது. அசாந்தே மக்கள் வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா குடியரசு நாடுதான். அதிபர், நாடாளுமன்றம் எல்லாம் தலைநகர் அக்ராவில். ஆனால் குமாசி நகரின் மன்ஹியா அரண்மனையில் இரண்டாம் ஒசெய் டுட்டு 1999 முதல் அசாந்தே மன்னராக இருக்கிறார். வெறும் அலங்காரப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நிமித்தமாக நான் அங்கே இருந்தபோது, குமாசிக்கு வெளியே ஒரு கிடங்கு கட்ட இடம் தேடினோம். வக்கீல் கேட்ட முதல் கேள்வியே "இது எந்த ஆசனத்தின் நிலம்?" என்பதுதான். ஆசனம் என்றால் ஊர்த் தலைவரின் பதவிக்கு அடையாளமான இருக்கை. நம்மூரில் கோயில் நிலம் சாமி பேரில் இருப்பது போல, அங்கே நிலம் ஆசனத்தின் பேரில் இருக்கிறது. தலைவர் அதைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே. வெளிநாட்டவருக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு மேல் அரசியல் சட்டமே இடம் தராது. குத்தகைப் பத்திரத்துக்கு அரண்மனையின் ஒப்புதலும் வேண்டும்.

இது புரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்தது. ஒவ்வொரு ஊர்த் தலைவருக்கும் ஓர் ஆசனம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பொன்னாசனம். 1701இல் டென்கிரா அரசை வீழ்த்தித் தனித்தனியாகக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாகக் கட்டியவர் முதலாம் ஒசெய் டுட்டு. அவருடைய பூசாரி ஒகொம்ஃபோ அனோச்சே வானத்திலிருந்து அந்த ஆசனத்தை வரவழைத்தார், அது மன்னரின் மடியில் வந்து இறங்கியது என்பது ஐதீகம். வெள்ளிக்கிழமை வந்ததால் அதற்குப் பெயர் 'சிகா துவா கோஃபி'. வெள்ளிக்கிழமை பிறக்கும் ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர்தான் கோஃபி. கோஃபி அன்னானும் அப்படித்தான். அசாந்தே மக்களின் உயிர் அந்த ஆசனத்தில் இருக்கிறது என்பது நம்பிக்கை. அதனால் அதில் மன்னர்கூட உட்காருவதில்லை. அது தரையில் படவும் கூடாது. அதற்கென்றே தனி நாற்காலி உண்டு.

ஆங்கிலேயருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. 1874இல் ஜெனரல் வூல்ஸ்லி படையோடு குமாசிக்குள் நுழைந்தார். அரண்மனையின் கல் மாளிகையில் பல மொழிப் புத்தகங்களும் கடிகாரங்களும் பாரசீகக் கம்பளங்களும் இருந்ததாக உடன் வந்த நிருபரே எழுதியிருக்கிறார். பொன் நகைகளை அள்ளிக்கொண்டு, அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்து, ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதற்கும் மேலே 50,000 அவுன்ஸ் தங்கம் தண்டம் கேட்டார்கள்! அந்தப் பாக்கியைச் சாக்காக வைத்து 1896இல் மறுபடி வந்தார்கள். அந்தப் படையில் பின்னாளில் சாரணர் இயக்கம் கண்ட பேடன்-பவலும் இருந்தார். மன்னர் பிரெம்பே சண்டை போடாமலே பணிந்தார். அப்படியும் அவரையும் ராஜமாதாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மன்னரைத் தூக்கிவிட்டால் அரசு முடிந்தது என்பது அவர்கள் கணக்கு.

ஆசனம் கிடைக்காததால் கணக்கு நேராகவில்லை. 1900 மார்ச்சில் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசியில் தலைவர்களைக் கூட்டிவைத்து, விக்டோரியா அரசியின் பிரதிநிதியான என்னை ஏன் பொன்னாசனத்தில் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். சொந்த மன்னரே உட்காராத இடம்! கூட்டம் ஒன்றும் பேசாமல் கலைந்தது. சில நாளில் போர். தலைமை தாங்கியவர் எஜிசு ஊரின் ராஜமாதா யா அசன்டேவா. ஒரு பெண் எப்படி என்று வியக்க வேண்டாம். அங்கே பட்டம் தாய்வழியில் போகிறது. அடுத்த மன்னர் யார் என்று பெயர் சொல்வதே ராஜமாதாதான். குமாசிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஆளுநர் ஜூனில் எப்படியோ தப்பி ஓடினார். ஆனால் போரில் அசாந்தேயர் தோற்றார்கள். யா அசன்டேவா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார். ஏற்கெனவே அதே தீவில் இருந்த பிரெம்பே 1924இல்தான் ஊர் திரும்பினார், அதுவும் சாதாரணக் குடிமகனாக. ஒளித்து வைத்த ஆசனம் மட்டும் ஆங்கிலேயர் கைக்குப் போகவே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அசாந்தேயர் பாவப்பட்ட அப்பாவிகள் என்று முடிவுகட்டவும் கூடாது. வடக்கே போரில் பிடித்த ஆட்களைக் கடற்கரைக் கோட்டைகளில் அடிமைகளாக விற்றுத் துப்பாக்கி வாங்கிய அரசும் இதுதான்.

1874இல் போன நகைகள் லண்டனில் விலைக்குப் போய் அருங்காட்சியகங்களில் சேர்ந்தன. சரியாக 150 ஆண்டு கழித்து, 2024இல், கலிஃபோர்னியாவின் ஃபவுலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு பொருள்களை நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருள்களை அனுப்பின, ஆனால் மூன்றாண்டுக் கடனாக. எங்கள் நாட்டுச் சட்டப்படி நிரந்தரமாகக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பறிகொடுத்தவனே இரவல் சீட்டில் கையெழுத்துப் போடுவதா என்று கானாவிலேயே சிலர் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் மன்னர் வாங்கியது சரி என்றே நினைக்கிறேன். சட்டம் மாறும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கும். தவணையை மேலும் மூன்றாண்டு நீட்டிக்க ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது.