வாஷிங் மெஷினின் பிளாஸ்டிக் டப்பில் விரிசல்: எபாக்ஸி போட்டும் இரண்டே வாரத்தில் மறுபடி கசிகிறது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

(கேள்வியின் சுருக்கம்: சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, முன்கதவு மெஷின், டப்பின் அடியில் ஹீட்டருக்குக் கீழே 6 செ.மீ. விரிசல். கடைக்காரர் டப்பை முழுதாக மாற்றச் சொல்கிறார்.)

எபாக்ஸி விட்டுப்போனது உங்கள் கைத்தவறு அல்ல. டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளி டப் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சூப்பர் குளூ, எபாக்ஸி, சிலிகான் எதுவும் அதில் உருப்படியாக ஒட்டாது. மேலே காய்ந்து ஓடுபோல் உட்கார்ந்திருக்கும், வெந்நீரும் அதிர்வும் சேர்ந்தால் அப்படியே உரிந்து வரும். இதற்கு ஒட்டுவதை விட உருக்கி இணைப்பதுதான் சரி.

முதலில் டப்பின்மேல் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 'பிபி' (PP) என்று தொடங்கினால் பாலிப்ரோப்பிலீன். கூடவே வரும் குறி கண்ணாடி இழையோ டால்க்கோ சுண்ணாம்போ கலந்திருப்பதைக் காட்டும். தண்ணீரில் மிதந்தால்தான் பாலிப்ரோப்பிலீன் என்பார்கள். 30 சதவீதம் இழை கலந்த டப் துண்டு மூழ்கும், அதை நம்பாதீர்கள்.

அடுத்து விரிசல் இருக்கும் இடம். பேரிங் உட்காரும் நடுப்பகுதி, ஷாக் அப்சார்பர் மாட்டும் காது, ஸ்பிரிங் தொங்கும் கொக்கி, மோட்டார் திருகும் இடம் இவற்றில் விரிசல் என்றால் கை வைக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் டிரம்மின் சுமையை வீட்டு ஒட்டு தாங்காது. உங்களுடையது அடிச்சுவர், செய்து பார்க்கலாம்.

ஹீட்டருக்குக் கீழே விரிசல் என்றால் நாணயமோ உள்ளாடைக் கம்பியோ உள்ளே கிடக்க வாய்ப்பு அதிகம். அதை எடுக்காமல் அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்திலேயே உடையும். பிளக்கைக் கழற்றி, குழாயை மூடி, ஃபில்டர் வழியாக நீரை வடித்து, பத்து நிமிடம் விடுங்கள். மெஷின் வந்தபோது டப் ஆடாமல் பூட்டியிருந்த பழைய போக்குவரத்து போல்ட்டுகள் இருந்தால் திருகி டப்பைப் பூட்டுங்கள். இல்லையென்றால் டப்புக்கும் பெட்டிக்கும் நடுவே துண்டுகளைத் திணியுங்கள். உள்ளே கான்கிரீட் எடை இருப்பதால் கனம் 60 கிலோவுக்கும் மேலே போகும், இரண்டு பேராகச் சேர்ந்து சாய்த்து வையுங்கள். ஒயர்களைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஹீட்டரின் நடு நட்டைத் தளர்த்தி, அந்தத் தண்டை லேசாக உள்ளே தட்டினால் ஹீட்டரைச் சுற்றியுள்ள ரப்பர் இளகும். ஹீட்டர் வெளியே வந்த துளை வழியே டார்ச் அடித்துப் பொருளை எடுங்கள்.

இனி விரிசல். பழைய எபாக்ஸியைத் துளிகூட விடாமல் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பின்னும் விரிசல் மட்டும் கருங்கோடாக நிற்கும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாகவே ஓடியிருக்கும். அதன் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது நீண்டுகொண்டே போகும். கோட்டின்மேல் சுவர்த் தடிமனில் பாதி ஆழத்துக்கு 'வி' வடிவில் பள்ளம் வெட்டி, ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் ஆவியாகி ஒட்டுக்குள் குமிழ் விடும்.

60 வாட் சால்டரிங் அயர்ன் போதும், வெப்பம் கட்டுப்படுத்தும் வகை என்றால் 260 முதல் 290 டிகிரிக்குள். சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். இருபக்கமும் 2 செ.மீ. தள்ளி வருமாறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை வெட்டி, வலையின் ஓட்டைகளில் பிளாஸ்டிக் எழும்பும்வரை அழுத்திப் புதையுங்கள். பாதித் தடிமனோடு நிறுத்துங்கள், உள்ளே குத்திக்கொண்டு போனால் டிரம்மில் உரசும். சாதாரண இரும்பு வலை துரு பிடிக்கும். அதன்மேல் பாலிப்ரோப்பிலீன் குச்சியை உருக்கி நிரப்புங்கள். குச்சி கிடைக்காவிட்டால் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும் தாப்பாவ் (பார்சல் சாப்பாட்டு) டப்பாவைக் கீற்றாக வெட்டலாம். கழுவி எண்ணெய் போக்கிய பிறகு.

புகை எழுந்து பழுப்பேறினால் சூடு அதிகம், அந்த இடம் நொறுங்கும். குச்சி மட்டும் உருகி அடிப்பரப்பு உருகாவிட்டால் நகத்தால் பெயர்த்தாலே வந்துவிடும். இரண்டும் ஒன்றாகப் பளபளத்துக் குழையும்போதுதான் கலக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், தானாக ஆறட்டும்.

ஹீட்டரைத் திரும்ப மாட்டும்போது கவனம். டப்பின் உள்ளே ஒரு தகடு இருக்கும், ஹீட்டரின் மறுமுனை அதற்குள் நுழைய வேண்டும். தவறினால் டிரம் அதில் உரசும். ரப்பரில் துளி பாத்திரச் சோப்புத் தடவினால் எளிதாகப் போகும்.

திணித்த துண்டுகளையோ போல்ட்டுகளையோ எடுக்க மறக்காதீர்கள். மெஷினை நிமிர்த்தி, தண்ணீர் நிரப்பி, அடியில் டிஷ்யூ விரித்து இரண்டு மணி நேரம் பாருங்கள். பிறகு துணி இல்லாமல் 60 டிகிரியில் ஒரு சுற்று. குளிர்நீரில் அடங்கியிருக்கும் கசிவு அப்போதுதான் வெளிவரும். தேறினால் சுழலை 800க்கு மேல் வைக்காமல் ஓட்டுங்கள், முதல் மாதம் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும்; கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

கசிந்தால் இரண்டாம் முறை உருக்காதீர்கள், அந்த பிளாஸ்டிக் சோர்ந்திருக்கும். புது மெஷினே வாங்குவது என்று முடிவானால், பழையதைத் தூக்கிப்போடக் காசு கொடுக்க வேண்டாம்: 2021 ஜூலை முதல், புதியதைக் கொண்டுவரும் விற்பனையாளர் நீங்கள் கேட்டால் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும்.