நாலு பக்கப் பத்திரிகைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

கேள்வி: பள்ளியில் மாதம் ஒருமுறை நாலு பக்கப் பத்திரிகை கொண்டுவருகிறோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு முறை அறிவித்தும் மூன்றே பேர்தான் சேர்ந்தார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: மைக்கில் அறிவித்தால் வரமாட்டார்கள், டீச்சர். 'கட்டுரை எழுத ஆள் தேவை' என்றதுமே பிள்ளைகளுக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும். அந்த மூன்று பேரையே அனுப்பி, ஆளுக்கு ஒருவரைப் பெயர் சொல்லி, கையில் ஒரு வேலையோடு கூப்பிடச் சொல்லுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்களையே கிறுக்கி வைத்திருப்பானே ஒருவன், அவனுக்குக் கார்ட்டூன்; கபடி ஸ்கோரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பவளுக்கு விளையாட்டுச் செய்தி. முதல் வேலை சின்னதாக இருக்கட்டும், சத்துணவு அக்காவிடம் போய் எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார், எத்தனை கிலோ அரிசி போடுகிறார் என்று கேட்டு வந்தாலே அரைப் பக்கம் தேறிவிடும். எழுதியவர் பெயரைக் கட்டாயம் போடுங்கள், அதற்காகவே நாலு பேர் வருவார்கள். ஏ3 தாளில் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் மடித்தால் இதழ் தயார். ஒன்றைச் சைக்கிள் ஸ்டாண்டில் ஒட்டுங்கள், நோட்டீஸ் போர்டை யார் பார்க்கிறார்கள்? அப்புறம், தயவுசெய்து சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.