லைப்போசோம் மருந்து புற்றுநோய்க்கு உண்மையில் உதவுமா?

லைப்போசோம் இன்னும் சோதனை நிலையில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே அப்படி இல்லை. டாக்சோரூபிசின் நல்ல புற்றுநோய் மருந்துதான், ஆனால் இதயத்தைப் பாதிக்கும். அதையே நம் செல் சவ்வில் இருப்பது போன்ற கொழுப்பாலான நுண்ணிய உருண்டைக்குள் (இதுதான் லைப்போசோம்) அடைத்து ரத்தத்தில் விட்டால், நாள்கணக்கில் சுற்றி வந்து, கட்டிக்குள் அவசர அவசரமாக வளர்ந்த ஓட்டை ரத்தக்குழாய்கள் வழியே கசிந்து அங்கேயே தங்குகிறது. டாக்சில் என்ற பெயரில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. இதயத்துக்கு ஆபத்து குறைகிறது, சரி, ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியலாம். அப்புறம், எலிகளில் கிடைத்த அளவு பலன் மனிதர்களிடம் கிடைக்கவில்லை, எனக்கு இதுதான் பெரிய வருத்தம். சூடு பட்டதும் மருந்தை வெளியே விடும் தெர்மோடாக்ஸ் என்ற இன்னொரு லைப்போசோம் மருந்து, கல்லீரல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் தேறவில்லை. கடையில் விற்கும் லைப்போசோம் வைட்டமின் சி-யை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.