பூட்டபிள் பென்டிரைவ்: ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கும் முன் சில கேள்விகள்

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி பென்டிரைவில் காப்பி செய்தேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாகச் சுருட்டி வைத்தது. அப்படியே காப்பி செய்தால், அதற்குள் இருக்கும் பூட் ஃபைல் (கணினியை எழுப்பும் ஃபைல்) லேப்டாப்பின் கண்ணுக்குத் தெரியாது. சரி, பிரித்தே போடலாம் என்றால் வேறொரு சிக்கல் வரும். எல்லா யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் கணினியை எழுப்பும் புதிய வகை மென்பொருள்) கணினிகளும் நிச்சயமாகப் படிக்கக்கூடியது, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32 அமைப்பைத்தான். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவில் இருக்கும் 'இன்ஸ்டால்.விம்' என்ற ஃபைல் அதைவிடப் பெரியது.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைப் பயன்படுத்துங்கள். இந்தச் சிக்கலை அதுவே பார்த்துக்கொள்ளும். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை ஏற்கெனவே இறக்கிவிட்டவர்களுக்கு, அதைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற மென்பொருள் நல்ல தேர்வு.

ரூஃபஸ் ஜிபிடியா, எம்பிஆரா என்று கேட்கிறது. எதைத் தேர்வது?

இரண்டும் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறைகள். விண்டோஸ் 8 காலத்திலோ அதற்குப் பிறகோ வந்த லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஜிபிடி, யுஇஎஃப்ஐ. அதற்கு முந்தைய கணினி என்றால் எம்பிஆர்.

பென்டிரைவ் தயார். ஆனாலும் ஆன் செய்தால் பழைய விண்டோஸ்தான் வர முயல்கிறது.

லோகோ தெரியும் முன்பே பூட் மெனு கீயைத் தட்டத் தொடங்குங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பூட் மெனுவை முதலில் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

இதற்காக பயாஸில் இருக்கும் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைக்காதீர்கள். மீடியா கிரியேஷன் டூலில் செய்த பென்டிரைவுக்கு அப்படி அணைக்கத் தேவையே இல்லை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்பில் செக்யூர் பூட்டை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நின்றுவிடலாம்.

"தானாகச் சரிசெய்கிறேன்" என்று சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபார்மட் தவிர வழியில்லை என்கிறார் கடைக்காரர். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் எழவில்லை என்பதால் போட்டோக்கள் போய்விட்டதாக அர்த்தமில்லை. பூட் ஃபைலோ, கணினியின் பாகங்களை இயக்கும் ஒரு டிரைவரோ கெட்டிருக்கலாம். உங்கள் ஃபோல்டர்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கவே வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. சேஃப் மோடிலோ ரெகவரி திரையிலோ போய் அந்த ஒரு ஃபைலை அழித்தாலே கணினி எழுந்துவிடும். அதற்கென்றே யுஎஸ்பி தயாரிக்கும் ஒரு டூலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஃபார்மட் கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

முதலில் போட்டோக்கள். விண்டோஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் பட்டனைத் தொடாமல், 'ரிப்பேர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ட்ரபிள்ஷூட் வழியாக கமாண்ட் ப்ராம்ப்டுக்கு (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) போய் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல் மெனுவில் ஓப்பன். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளேயே எல்லா டிரைவும் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய், போட்டோ ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி. வெளி ஹார்டு டிஸ்க்கில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, ஜன்னல் உறைந்தது போல் நிற்கும், பொறுத்திருங்கள். நிறைய ஃபைல் என்றால் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற வேறொரு இயங்குதளம்) பென்டிரைவில் பூட் செய்து எடுப்பது வசதி.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஒவ்வொரு ஃபைலுக்கும் நின்று நின்று போனாலோ உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். பிட்லாக்கர் கீ கேட்டால், ஃபோனிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

போட்டோக்கள் பத்திரமானபின் ரிப்பேர். அதே ட்ரபிள்ஷூட் வழியாகப் போங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', இல்லையென்றால் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்'. கமாண்ட் எதையும் அடிக்கும் முன் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். இந்தத் திரையில் உங்கள் விண்டோஸ், சி-க்குப் பதிலாக டி என்றோ இ என்றோ வந்திருக்கலாம்.

பென்டிரைவில் பூட் ஆகிறது, ஆனால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே தெரியவில்லை. போய்விட்டதா?

இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால் பதறாதீர்கள். எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு ஆனில் இருந்தால் விண்டோஸ் பென்டிரைவுக்குத் தனி டிரைவர் வேண்டும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு, டிஸ்க் தேர்வுத் திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிஸ்க் தெரிந்தால் எஸ்எஸ்டி நலம். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடச் சொல்லும் யோசனையும் பரவலாக உண்டு. ஏற்கெனவே போட்ட விண்டோஸ் அதன்பின் எழாமல் போகலாம் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணினி வேறு இல்லை. ஃபோனிலேயே பூட்டபிள் பென்டிரைவ் செய்யலாமா?

ஓடிஜி கேபிளும் (பென்டிரைவை ஃபோனில் செருக உதவுவது) எட்ச்ட்ராய்டு ஆப்பும் இருந்தால் ஆண்ட்ராய்டில் லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதலாம். ஃபைல்களை மீட்க அது போதும். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு அந்த ஆப் உதவாது. நண்பரின் கணினியில் செய்யுங்கள். அவருடையது வேறு கம்பெனி என்றாலும் பரவாயில்லை.

எல்லாம் முடிந்தது. இப்போது என் 64 ஜிபி பென்டிரைவ் 32 ஜிபி என்றே காட்டுகிறது.

மீடியா கிரியேஷன் டூல் 32 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டிருக்கிறது. மீதி இடம் எங்கும் போகவில்லை. மீட்க, கமாண்ட் ப்ராம்ப்டில் ஓடும் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் 'கிளீன்' கட்டளை தேவை. அது உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்காது. தேர்ந்தெடுத்த டிஸ்க்கைத் துடைத்துவிடும். அதனால் போட்டோ காப்பி செய்த வெளி ஹார்டு டிஸ்க்கை முதலில் கழற்றி வையுங்கள். 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, 64 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுவது எது என்று பார்த்து, அந்த எண்ணை மட்டும் செலக்ட் செய்து கிளீன் கொடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது வால்யூம் உருவாக்கி எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் முழு இடமும் திரும்பிவிடும்.