வாசகர் கேள்வி: பிரான்சில் சந்தடியற்ற சைக்கிள் பாதைகள்

கேள்வி: பரிஸிலுள்ள மகனிடம் செல்லவிருக்கிறேன். விடியற்காலையில் பொன்னாலைப் பாலத்தில் ஓடுவதுபோல, வாகன இரைச்சலின்றி அங்கே சைக்கிள் ஓட வழியுண்டா?
வாசகர், மானிப்பாய்

பதில்: தாராளமாக உண்டு. பூர்கோஞ் பகுதியில் ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே, கைவிடப்பட்ட தொடருந்துத் தடத்தில் அமைத்து 1997இல் திறக்கப்பட்ட பசும்பாதையில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. தண்டவாளம் கிடந்த தடமாதலால் ஏற்றமும் மென்மையானது. ஆயினும் என் தெரிவு, 'டி' என்ற எழுத்தும் இலக்கமும் தாங்கிய வீதிகளுள், மிச்செலின் நிறுவனத்தின் வீதி வரைபடத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும் சிறு கிராம வீதிகளே. நண்பகலில் ஊர்க்கடைகள் பெரும்பாலும் பூட்டிக்கிடக்குமாதலால், தண்ணீர்ப் போத்தலை நிரப்பச் சேமக்காலைக் குழாயைத் தேடுவது அங்குள்ள சைக்கிளோட்டிகளின் வழக்கம் (நம்மூரில் சொன்னால் வீட்டார் ஏசுவார்கள்). குடிநீரன்று என்ற அறிவித்தல் இருந்தால் மட்டும் விலகுங்கள். அங்கே வலப்பக்கமாகவே ஓடவேண்டும். குறியீடில்லாத சந்திகளில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை.